லேனியர் ஏரியின் கூட்டமான குடாக்களில் நங்கூரம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஜான்ஸ் க்ரீக், சுவானி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடை விடுமுறை என்றாலே லேனியர் ஏரி என்றாகிவிட்டது. முதலில் நாள் வாடகைக்கு ஒரு பான்டூன் படகு, அதாவது மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் வைத்த படகு, எடுப்பார்கள். இரண்டு மூன்று கோடை கழிந்ததும் சொந்தப் படகு வாங்குவார்கள். படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் ஓட்டி முடித்து, நாற்பது ஐம்பது படகுகளுக்கு நடுவே அதை எப்படி நிறுத்தி வைப்பது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த ஏரியில் பல ஆண்டுகளாகப் படகு வைத்திருக்கும் என்னிடம் நண்பர்கள் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஏரியில் நங்கூரம் போடுவதில் அப்படி என்ன தனிச் சிக்கல் இருக்கிறது?

லேனியர் இயற்கையான ஏரி அன்று. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ப்யூஃபோர்ட் அணையில் 1956-ஆம் ஆண்டு நீர் தேங்கத் தொடங்கியபோது மூழ்கிப்போன மலைச்சரிவுகளும் ஓடைப் பள்ளத்தாக்குகளுமே இன்று நாம் குடா என்று சொல்லும் இடங்கள். ஆகவே கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே தரை சரேலென்று இறங்கிவிடும். இடுப்பளவு நீரில் நிற்பவர் நாலைந்து எட்டு வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர் வந்துவிடலாம். அடியில் ஜார்ஜியாவின் செம்மண் களியும், ஆங்காங்கே மூழ்கிய மரங்களும் கிடக்கின்றன. அணையை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் படையின் கணக்கில் ஏரியின் நிறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,071 அடி. அதுவும் நிலையானது அன்று. 2007 டிசம்பரில், பெரும் வறட்சியின்போது, அது ஏறக்குறைய 20 அடி இறங்கியது. சாதாரண ஆண்டுகளிலேயே சில அடி ஏறி இறங்கும் என்பதால், போன ஆண்டு நங்கூரம் போட்ட இடம் இந்த ஆண்டும் அதே ஆழத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

இவற்றோடு கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1 கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் ஏரி இது. ஜூலை 4 வாரத்தில், படகோட்டிகள் காக்டெயில் கோவ் என்று அழைக்கும் குடாவில் நீரைவிடப் படகுகளே அதிகமாகக் கண்ணில் படும்.

நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும்?

கூட்டத்தில் நேரும் தகராறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குத் தவறான விடை எழுதியதால் வருபவை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கனமான கல்லைக் கட்டி இறக்கினால் அது உண்மை. நாம் பயன்படுத்தும் நங்கூரமோ ஏர்க்கொழுவைப் போலத் தரையில் குத்தி இறங்கித்தான் பிடிக்கிறது. அதற்குக் கயிறு தரையை ஒட்டிப் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் இழுவை மேல்நோக்கிப் போகும். படகு ஒவ்வொரு முறை அலையில் எழும்போதும் நங்கூரத்தைப் பிடுங்கும்.

பொதுவான கணக்கு இதுதான்: நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம், அதாவது முன்முனை, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதையும் கூட்டி, வரும் தொகையை ஏழால் பெருக்க வேண்டும். அமைதியான பகல் வேளையில், படகில் ஆள் இருக்கும்போது, ஐந்தால் பெருக்கினால் போதும். ஆழம் 20 அடி, அணியத்தின் உயரம் 3 அடி என்றால் மொத்தம் 23. ஏழு மடங்கு 161 அடி. பெரும்பாலோர் அணியத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஆழமற்ற நீரில் அந்த மறதி பெரிய பிழையாகிவிடும்.

இனி எதிர்க்கேள்வி வரும்: கூட்டத்துக்கு நடுவே 161 அடி கயிற்றுக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். அவ்வளவு கயிறு விட்ட 22 அடிப் படகு காற்று மாறும்போது முழுவட்டம் சுற்றினால், அந்த வட்டத்தின் விட்டம் 360 அடியைத் தாண்டும். அது ஓர் அமெரிக்கக் கால்பந்துத் திடலைவிட நீளம். ஆகவே எல்லோரும் கயிற்றைக் குறைக்கிறார்கள். 60 அடி விட்டுவிட்டுப் பீர் டப்பாவைத் திறக்கிறார்கள். பிற்பகலில் காற்று எழுந்ததும் பக்கத்துப் படகில் போய் மோதுகிறார்கள்.

குறைக்க வேண்டியது கயிற்றை அன்று, ஆழத்தை. அதே படகை 6 அடி ஆழத்தில் நிறுத்தினால் 6-ம் 3-ம் சேர்ந்து 9. ஏழு மடங்கு 63 அடிதான். முன்பு ஆபத்தாக இருந்த அதே நீளக் கயிறு இப்போது முழுப் பாதுகாப்பான கயிறாகிவிடுகிறது. குடாவின் நடுவே ஆழத்தில் இடம் தேடுவதை விட்டு, ஆழம்காட்டும் கருவியைப் பார்த்தபடி ஓரமாக 6 முதல் 10 அடி ஆழத்தில் இடம் தேடுங்கள். அப்படி இடம் இல்லாவிட்டால் அந்தக் குடா அன்றைக்கு நிரம்பிவிட்டது என்று பொருள். அடுத்த குடாவுக்குப் போங்கள். இந்த ஏரிக்குக் குடாக்களுக்குப் பஞ்சமில்லை.

எந்த வகை நங்கூரம் வாங்குவது?

இரண்டு தட்டையான அலகுகள் கொண்ட டேன்ஃபோர்த் வகை, களிமண்ணிலும் மணலிலும் நன்றாகப் பிடிக்கும், விலையும் அதிகமில்லை. வாடகைப் பான்டூன்கள் சிலவற்றில் காளான் வடிவ நங்கூரம் இருக்கும். சிறு தோணியில் மீன் பிடிப்பவருக்கு அது போதும். பன்னிரண்டு பேர் ஏறிய பான்டூனுக்குப் போதாது. எதை வாங்கினாலும் கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்தாறு அடிச் சங்கிலி இருக்கட்டும். அந்தச் சங்கிலியின் எடைதான் இழுவையைத் தரையோடு படிய வைக்கிறது. கயிற்றில் பத்தடிக்கு ஒரு முறை வண்ண நூல் சுற்றிவையுங்கள். எத்தனை அடி விட்டோம் என்று மனைவியும் கணவனும் வாதிட வேண்டியிராது.

ஏற்கெனவே படகுகள் நிற்கும் குடாவில் எப்படி இடம் பிடிப்பது?

முதலில் வந்தவர் வைத்ததே அங்கு வழக்கம். அவர்கள் அணியத்தில் ஒற்றை நங்கூரம் போட்டுக் காற்றுக்கேற்பச் சுழல்கிறார்கள் என்றால் நீங்களும் அப்படியே செய்ய வேண்டும். அவர்கள் முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கிறார்கள் என்றால் நீங்களும் இரண்டு போட வேண்டும். சுழலும் படகும் சுழலாத படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் காற்று திரும்பும்போது மோதல் நிச்சயம். பின்னால் வந்தவர்தான் விலகி நிற்க வேண்டும். முன்னவரை நகரச் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

நுழைவதற்கு முன் குடாவின் வாயிலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எந்தப் பக்கம் காற்று, யாருடைய கயிறு எந்தத் திசையில் ஓடுகிறது, தண்ணீரில் தலைகள் எங்கே தெரிகின்றன என்பதைக் கண்டு தெளிந்த பிறகு, காற்றை எதிர்கொண்டு மிக மெதுவாக உள்ளே வாருங்கள். இடத்தை அடைந்ததும் நங்கூரத்தை வீசக் கூடாது, கையால் இறக்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் காற்றில் படகு தானே பின்வாங்கட்டும். கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டு, முழு நீளமும் விட்டபின் அணியத்தின் கொண்டியில் கட்டி, பின்னால் யாரும் நீந்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இஞ்சினைப் பின்னோக்கி மெல்ல இயக்கிப் பாருங்கள். கயிறு விறைத்து நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. கயிற்றில் கை வைத்தாலே தெரியும்: பிடித்த நங்கூரத்தின் கயிறு அமைதியாக இறுகும், இழுபடும் நங்கூரத்தின் கயிறு விட்டுவிட்டு அதிரும்.

மிதவைகளிலும் அபாயக் குறிகளிலும் படகைக் கட்டுவது கூட்டாட்சி விதிப்படி தடைசெய்யப்பட்டது. யாரோ கட்டியிருக்கிறார் என்பதற்காக நீங்களும் கட்ட வேண்டாம்.

அமரத்தில், அதாவது படகின் பின்புறத்தில், மட்டும் நங்கூரம் போடலாமா? ஏணி அங்கேதானே இருக்கிறது?

கூடாது. அணியம் அலையைப் பிளப்பதற்காக உயர்ந்தும் கூர்ந்தும் இருக்கிறது. அமரமோ தட்டையாக, தாழ்வாக, இஞ்சின் எடையையும் சுமந்துகொண்டு இருக்கிறது. அதை நங்கூரத்தில் கட்டினால் பெரிய படகு ஒன்று கிளப்பும் இரண்டு அலைகளே உள்ளே தண்ணீரைக் கொட்டப் போதும். தண்ணீர் புகுந்த அமரம் மேலும் தாழும், அடுத்த அலை இன்னும் எளிதாக உள்ளே வரும். கரையோரம் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நிறுத்த விரும்பினால், முதன்மை நங்கூரம் அணியத்திலிருந்து ஆழப்பக்கம் இருக்கட்டும்; அமரத்திலிருந்து இரண்டாவது சிறு நங்கூரத்தைக் கரைமணலில் ஊன்றிக்கொள்ளலாம்.

நங்கூரம் நகர்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: முன்னே ஒரு படகுத்துறைக் கம்பம், பின்னே ஒரு பைன் மரம். பக்கவாட்டில் இன்னொரு இணை. இரண்டும் நேர்கோட்டில் இருக்கும்வரை படகு அங்கேயே இருக்கிறது. தமிழகக் கடற்கரை மீனவர்கள் கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் அறியும் முறையும் இதுதான். பக்கத்துப் படகை மட்டும் வைத்துக் கணிக்காதீர்கள், அதுவும் நகர்ந்துகொண்டிருக்கலாம்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து வந்த பாடம் அன்று. ஒரு ஆகஸ்ட் பிற்பகலில், புளியோதரை டப்பாவைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருந்தபோது, நிழல் என் தட்டின்மேல் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துப் படகின் கூரை. அந்தப் படகின் பெரியவர் எங்கள் கம்பியைக் கையால் தாங்கிப் பிடித்தபடி, சற்றும் குரல் உயர்த்தாமல், கயிறு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆழம் 18 அடி. நான் விட்டிருந்தது 40.

நண்பர்களின் படகுகளைச் சேர்த்துக் கட்டுவது சரியா?

சரிதான், முறையாகச் செய்தால். எல்லாவற்றிலும் பெரிய, கனமான படகு முதலில் நங்கூரம் போட்டு நன்றாகப் பிடித்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக, இருபுறமும் மாறி மாறி, ஐடில் வேகத்தில், அதாவது இஞ்சினை முடுக்காமல் படகு நகரும் மிகக் குறைந்த வேகத்தில், வந்து சேர வேண்டும். சேரும் முன்பே காற்றடைத்த தடுப்புக் குழல்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்க வேண்டும். இரண்டு படகுகளுக்கு நடுவே காலையோ கையையோ நீட்டித் தடுக்க முயலக் கூடாது; இரண்டு டன் படகை எவருடைய காலும் நிறுத்தாது.

அணியத்துக்கு அணியம், அமரத்துக்கு அமரம் கட்டுவதோடு நிறுத்தாமல், படகுகள் முன்பின்னாக உரசாதிருக்க ஒரு குறுக்குக் கயிறும் கட்டுங்கள். வரிசையில் வரும் ஒவ்வொருவரும் தத்தம் நங்கூரத்தைப் போட்டால் மாலையில் அடியில் கயிறுகள் பின்னிக் கிடக்கும். ஆனால் ஒரே நங்கூரத்தில் எட்டுப் படகுகளைத் தொங்கவிடுவதும் தவறு. நாலைந்து படகுகளுக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. இருட்டுமுன் பிரிந்துவிடுங்கள். பிரிய முடியாமல் இரவு தங்குவதானால், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.

படகு நிற்கும்போது குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டரையோ பாட்டுக்காக இஞ்சினையோ ஓடவிடலாமா?

தண்ணீரில் யாராவது இருந்தால் கூடாது. படகைத் தள்ளும் இஞ்சின் இறக்கைகள் சுழல்வது ஓர் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, படகின் பின்பக்க மிதிபலகையைச் சுற்றித் தேங்கும். பிள்ளைகள் பிடித்துக்கொண்டு மிதப்பதும் அங்கேதான். 2000 ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பவல் ஏரியில் ஒரு படகுவீட்டின் பின்பக்க மிதிபலகை அருகே நீந்திய இரு சிறுவர்கள், அண்ணனும் தம்பியும், ஜெனரேட்டர் புகையால் மயங்கி மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகள்தான் திறந்தவெளியிலும் இந்த வாயு கொல்லும் என்பதை உலகுக்கு உணர்த்தின. படகுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும்போது உங்கள் புகை உங்களுடையதாக மட்டும் இருப்பதில்லை. பக்கத்துப் படகில் உறங்கும் குழந்தையின் மூச்சுக்கும் அது போகும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று யாராவது சொன்னால் வெயில் என்றோ பீர் என்றோ ஒதுக்கிவிடாதீர்கள்.

படகிலிருந்து இறங்கி நீந்துவதற்கு என்ன வழக்கம்?

இஞ்சின் நின்று, சாவி கழற்றப்பட்டு, ஏணி இறக்கப்பட்ட பிறகே முதல் ஆள் குதிக்க வேண்டும். ஜார்ஜியா சட்டப்படி 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். நின்ற படகிலும் தண்ணீரிலும் பெரியவர்களும் அணிவதே அறிவு. நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கை இந்த ஏரியில் உதவுவதில்லை: மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்க, அடிநீர் திடீரென்று குளிரும்.

காற்றடித்த மிதவையோ பந்தோ காற்றில் அகன்று போனால் அதைத் துரத்தி நீந்த வேண்டாம். காற்று அதைத் தள்ளும் வேகத்துக்கு மனிதன் நீந்த முடியாது; பாதி தூரத்தில் களைத்து, திரும்பவும் முடியாமல் போனவர்கள் உண்டு. அது பத்து டாலர் மிதவை.

மின்சாரம் வரும் படகுத்துறைகளுக்கு அருகே ஒருபோதும் நீந்தாதீர்கள். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதால், கசியும் மின்சாரம் நீந்துபவர் வழியே பாய்ந்து தசைகளை முடக்கிவிடும். 2023 ஜூலையில் இதே ஏரியில் படகுத்துறையிலிருந்து குதித்த இளைஞர் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார்.

குடாவுக்குள் எந்த வேகத்தில் போகலாம்?

நங்கூரமிட்ட படகு, மிதக்கும் படகு, படகுத்துறை, பாலம், நீரில் இருக்கும் மனிதர் ஆகிய எதற்கும் 100 அடிக்குள் ஐடில் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது ஜார்ஜியா மாநிலச் சட்டம். ஜெட் ஸ்கீக்கும் இதே விதிதான். 100 அடி என்பது கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். ஆறேழு நடுத்தரக் காரை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. உங்கள் படகு கிளப்பும் அலை அடுத்தவர் படகில் கொதிக்கும் குழம்பைக் கவிழ்த்தால் பொறுப்பு உங்களுடையதே. ஐடிலுக்கு வருகிறேன் என்று திடீரென்று வேகத்தைக் குறைப்பவரும் கவனிக்க வேண்டும்: பாதி வேகத்தில் அமரம் தாழ்ந்து போகும் படகுதான் எல்லாவற்றிலும் பெரிய அலையைக் கிளப்புகிறது. குடாவின் வாயிலுக்கு வெகுமுன்பே குறைத்துவிடுங்கள்.

மது?

படகில் இருக்கும் பெரியவர்கள் அருந்துவதற்குச் சட்டத்தடை இல்லை. ஓட்டுபவருக்குக் காரோட்டிக்கு உள்ள அதே 0.08 வரம்பு, அதாவது இரத்தத்தில் 0.08 சதவீத மது என்ற வரம்பு, உண்டு. இந்த வரம்பு வந்த கதை இந்த ஏரியோடு பிணைந்தது. 2012 ஜூன் மாத இரவொன்றில், குடும்பத்தோடு பான்டூனில் இருந்த 9, 13 வயதுச் சகோதரர்கள் இருவர், குடித்துவிட்டு ஓட்டியவரின் படகு மோதி இறந்தார்கள். அதன்பின் 2013-இல் மாநிலம் வரம்பை 0.10-லிருந்து 0.08 ஆகக் குறைத்தது. மாலையில் படகைத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறவர் யார் என்பதைக் காலையில் துறையை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். நங்கூரம் போட்டிருக்கும் ஆறு மணி நேரமும் அவருக்கு மோர்தான்.

பாட்டு எவ்வளவு சத்தமாக வைக்கலாம்?

தண்ணீரின் மேல் ஒலி வெகுதூரம் போகும். உங்கள் படகில் இருப்பவர்கள் குரல் உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்தால் அளவு சரி. நாம் ரசிக்கும் குத்துப்பாட்டைக் குடா முழுக்கவும் ரசிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குப்பை, கழிவறை?

எல்லாம் கரைக்குத் திரும்பி வர வேண்டும், எலுமிச்சைத் தோல் உட்பட. சுத்திகரிக்காத கழிவை நீரில் விடுவது குற்றம். அட்லாண்டா வட்டாரத்தின் குடிநீர் பெருமளவு இந்த ஏரியிலிருந்தும் இதன் கீழாற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை காப்பி எந்தத் தண்ணீரில் போடுகிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

பிற்பகல் இடிமழை வந்தால் அங்கேயே இருக்கலாமா?

ஜார்ஜியாவின் கோடைப் புழுக்கத்தில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு மேகம் திரண்டு அரை மணியில் கொட்டித் தீர்ப்பது வழக்கம். முதல் இடி கேட்டதும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு: நீரில் இருப்பவர்களை மேலே ஏற்றி எண்ணிப் பாருங்கள், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணியட்டும், சேர்த்துக் கட்டிய படகுகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்புங்கள். அருகில் படகுத்துறை இருந்து நேரமும் இருந்தால் அங்கே போய்விடுவது மேல். மழை முகத்தில் அறையத் தொடங்கிய பிறகு நாற்பது படகுகளும் ஒரே வாயிலை நோக்கி ஓடும் கூட்டத்தில் சேர்வதைவிட, தனிப்படகாக, அணியம் காற்றைப் பார்க்க, கயிற்றை இன்னும் நீளமாக விட்டு, இஞ்சினைத் தயாராக வைத்துக்கொண்டு தாழ்ந்து அமர்ந்திருப்பது பாதுகாப்பானது.

திரும்பும்போது நங்கூரம் வர மறுத்தால்?

முதலில் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள். முன்னால் நிற்பவர் தளரும் கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே வரட்டும், அது இறக்கைகளில் சுற்றக் கூடாது. கயிறு செங்குத்தானதும் கொண்டியில் கட்டிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். அலை படகைத் தூக்கும்போது நங்கூரம் தானே பிடுங்கிக்கொண்டு வரும்; கைப்பிடியளவு செங்களியும் சில நேரம் கறுத்த கிளைத்துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். வராவிட்டால் வட்டமாகச் சுற்றி வந்து, இறக்கிய திசைக்கு எதிர்த்திசையிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கயிற்றை அமரத்தில் கட்டி இஞ்சினை முடுக்கி இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். நங்கூரம் வராது, அமரம் தண்ணீருக்குள் போகும். மூழ்கிய மரத்தில் வசமாகச் சிக்கிவிட்டது என்று தெரிந்தால் கயிற்றை வெட்டிவிடுங்கள். அதற்காகவே அணியத்தில் ஒரு நல்ல கத்தி இருக்க வேண்டும். மறுமுறை அதே குடாவுக்குப் போவதானால், நங்கூரத்தின் தலைப்பக்கத்தில் இரண்டாவது மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையைச் சிறு மிதவையில் மிதக்கவிடுங்கள். சிக்கும்போது அதைப் பிடித்து இழுத்தால் புகுந்த வழியாகவே நங்கூரம் பின்வாங்கி வெளியே வந்துவிடும்.